மூழ்கும் முட்டையும் மிதக்கும் மாவும்

அடுக்களையில் ஒரு கிண்ணம் தண்ணீர் இரண்டு சோதனைகளுக்கு உதவும். கடையில் வாங்கிய முட்டையை அதில் போட்டுப் பாருங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் புதிது, மிதந்தால் பழையது. மெதுவடைக்கு ஆட்டிய உளுந்து மாவிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி அதே தண்ணீரில் போட்டால் தீர்ப்பு தலைகீழ். மிதந்தால் மாவு பதம். மூழ்கினால் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்ட வேண்டும்.

இரண்டுக்கும் காரணம் காற்றுதான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நாள் ஆக ஆக அவற்றின் வழியே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கசிகிறது. அந்த இடத்தில் காற்று புகுந்து, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. எனவே முட்டை மிதக்கிறது. உளுந்து மாவிலோ, கிரைண்டர் கல் சுற்றச் சுற்றக் காற்று நுண்ணிய குமிழிகளாகச் சிறைப்படுகிறது. மாவு தண்ணீரைவிட இலேசாகி மிதக்கிறது. அந்தக் குமிழிகளை உடையாமல் பிடித்து வைத்திருப்பவை உளுந்தின் புரதமும் வழுவழுப்பும். கேக் மாவில் அடித்த முட்டை செய்கிற வேலையும் அதேதான்.

முட்டை இல்லாத சமையல் ஏதோ வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்கிறோம். ஆனால் முட்டையின் வேலைகளை வேறு பொருட்களைக் கொண்டு செய்யும் வித்தை நம் வீட்டு ஆட்டுக்கல்லில் வெகு காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் அறிவியலைத் தெரிந்துகொண்டால், எந்தக் குறிப்பிலும் முட்டையைக் கூட்டவோ குறைக்கவோ விலக்கவோ நாமே முடிவெடுக்கலாம்.

ஒரே கேள்வி, பல பதில்கள்

செங்கல்பட்டிலிருந்து மறைமலை நகர், கூடுவாஞ்சேரி வழியாகத் தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பேக்கரிகள். உள்தெருக்களில் வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வரும் ஆர்டர்களில் அடிக்கடி ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டு வரும்: “அக்கா, முட்டை இல்லாம செஞ்சு தருவீங்களா?”

கேட்பவருக்குக் காரணங்கள் பல. வீடு சைவமாக இருக்கலாம். புரட்டாசி மாதமாக இருக்கலாம். குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முட்டை வெள்ளையில் உள்ள ஓவோமுகாய்டு என்ற புரதம் சூட்டை நன்றாகத் தாங்கும். வெந்த பிறகும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. ‘கொஞ்சமாப் போட்டா ஒண்ணும் ஆகாது’ என்ற சமாதானம் அங்கே செல்லாது. முட்டை அடித்த கிண்ணத்தையும் கரண்டியையும் நன்கு கழுவாமல் பயன்படுத்துவதும் கூடாது.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்: ‘ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் தயிர்’, அல்லது ‘பாதி வாழைப்பழம்’. அதை நம்பிச் செய்தால் ஒரு கேக் பஞ்சாக வரும்; இன்னொன்று களியாக வரும். பிழை தயிரிலும் இல்லை, பழத்திலும் இல்லை. அந்தக் குறிப்பில் முட்டை என்ன வேலை பார்த்தது என்று கேட்காமல் ஆளை மாற்றியதுதான் பிழை.

முட்டை பார்க்கும் நான்கு வேலைகள்

ஓடு நீங்கலாக ஒரு முட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். புரதம் 12 முதல் 13 விழுக்காடு, கொழுப்பு சுமார் 10 விழுக்காடு. வெள்ளைக்கரு கிட்டத்தட்ட கொழுப்பே இல்லாத புரதக் கரைசல். அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை தண்ணீர்தான். மஞ்சள் கருவில் பாதி தண்ணீர். மீதியில் கொழுப்பும் புரதமும் லெசித்தின் என்னும் பொருளும் இருக்கின்றன. இந்த எளிய கலவை சமையலில் நான்கு வேலைகளைப் பார்க்கிறது.

முதல் வேலை நுரை. அடிக்கும்போது வெள்ளைக்கருவின் புரதச் சுருள்கள் பிரிந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலைபோல் படிகின்றன. இரண்டாவது பிடிப்பு. சூடேறும்போது அதே புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகி, மற்ற பொருட்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. மூன்றாவது கலப்பு. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் லெசித்தின் இடையில் நின்று இரண்டையும் இணைக்கிறது. நான்காவது ஈரமும் செழுமையும். மாவு வேகத் தேவையான தண்ணீரையும், மென்மை தரும் கொழுப்பையும், மேற்பரப்புச் சிவக்கத் தேவையான புரதத்தையும் முட்டை கொண்டுவருகிறது.

நான்கையும் ஒரே ஆளாகச் செய்வதுதான் முட்டையின் பெருமை. மாற்றுப் பொருள்களில் நான்கையும் ஒருசேரச் செய்வது எதுவும் இல்லை. ஆனால் எந்தக் குறிப்பிலும் நான்கும் ஒரே அளவில் தேவைப்படுவதும் இல்லை. நமக்கு வழி திறப்பது இங்கேதான்.

மாற்றும் முன் எடை போடுங்கள்

முட்டையை விலக்குவதற்கு முன், அளவைச் சரிசெய்வது பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘பெரிய முட்டை 2’ என்று இருந்தால், ஓடு நீக்கிய எடை ஒவ்வொன்றும் சுமார் 50 கிராம் என்று பொருள். நம் கடைகளுக்கு வரும் பண்ணை முட்டை பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்தே 50, 55 கிராம்தான். ஓடு அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாட்டுக்கோழி முட்டை இன்னும் சிறியது, ஓட்டோடு 40 கிராம் சுமார். வாத்து முட்டை 70 கிராம் வரை இருக்கும். காடை முட்டை 10 முதல் 12 கிராம். ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டை.

எனவே நான்கு முட்டை கேட்கும் கேக்கில் நான்கு நாட்டு முட்டையை உடைத்து ஊற்றினால், ஏறத்தாழ ஒரு முட்டை குறைவாகவே போட்டிருக்கிறோம். கேக் வறண்டு விரிசல் விட்டால் அதற்கு அடுப்பைப் பழிக்க வேண்டாம். குறிப்பைப் பாதியாக்கும்போது ‘ஒன்றரை முட்டை’ என்று வந்தாலும் குழம்ப வேண்டியதில்லை. இரண்டு முட்டையையும் உடைத்து, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகக் கலக்கும்வரை அடித்து, தராசில் 75 கிராம் அளந்து ஊற்றுங்கள். தராசு இல்லையென்றால் ஒரு முட்டை ஏறத்தாழ 3 மேசைக்கரண்டி. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் மூடிவைத்து, மறுநாள் காலை வெங்காயம் அரிந்து ஆம்லெட் போட்டுவிடலாம்.

நுரை: உளுந்தும் சுண்டல் தண்ணீரும்

உளுந்து மாவு ஏன் மிதக்கிறது என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் 1970களில் ஆராய்ந்தார்கள். உளுந்தில் இரண்டு பொருட்கள் கூட்டாக வேலை செய்வதைக் கண்டார்கள். ஒன்று, குமிழியின் மேல் படலமாகப் படியும் குளோபுலின் வகைப் புரதம். மற்றொன்று, அரபினோகாலக்டன் என்ற வழுவழுப்பான கூட்டுச் சர்க்கரை வகைப் பொருள். புரதம் நுரையை உண்டாக்குகிறது. வழுவழுப்பு அந்த நுரை சூட்டில் உடைந்துபோகாமல் தாங்குகிறது. ஆட்டும்போது விரலில் கோழைபோல இழுபடுகிறதே, அதுதான் இரண்டாவது பொருள். பச்சைப்பயறையோ கடலைப்பருப்பையோ எவ்வளவு ஆட்டினாலும் அதே பஞ்சு வராததற்குக் காரணம், இந்த இரண்டும் உளுந்தில் அமைந்ததுபோல அவற்றில் அமையவில்லை என்பதுதான்.

இட்லியில் இன்னொரு கூட்டாளியும் சேர்கிறது. இரவு முழுக்கப் புளிக்கும்போது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா கரியமில வாயுவை வெளியிடுகிறது. உளுந்தின் வலை அதைப் பிடித்துவைக்கிறது. முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயில் இட்லியை மூங்கில் குடலையில் இலை சுற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த அந்த இட்லி ஒரு கேக்கைப் போலத் துண்டு போடும் அளவுக்குப் பெரியது. அத்தனை உயரத்தையும் முட்டையே இல்லாமல் அது தாங்கி நிற்கிறது.

உளுந்துக்கு இனிப்பு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஜாங்கிரியைக் காட்டலாம். ஆட்டிய உளுந்தைத் துணியில் வைத்து எண்ணெயில் பிழிகிறார்கள். வளையம் கலையாமல் உப்பி வெந்து, பாகை உறிஞ்சிக்கொள்கிறது. வீட்டில் நுரை நன்றாக வர இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். ஊறிய உளுந்தில் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். தெளிக்கும் தண்ணீர் சில்லென்று இருந்தால் கல்லின் சூடு மாவில் ஏறாது.

ஆனால் வெண்ணிலா கேக்கில் உளுந்து போட்டால் பருப்பு மணம் தூக்கும். இந்த இடத்துக்கு வேறொரு நுரை இருக்கிறது. அதன் மூலப்பொருளைத் தேடி மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகலாம். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தால், ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்ற குரல் கேட்காமல் இருக்காது. சுண்டலுக்கு வேகவைத்த தண்ணீரை நம் வீடுகளில் ரசத்தில் சேர்ப்போம், இல்லையென்றால் கொட்டிவிடுவோம். 2014 டிசம்பரில் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுப் பாடகர், பயறு வேகவைத்த நீரை முட்டை வெள்ளைபோல அடித்து நுரைக்கவைக்கலாம் என்று கண்டார். அடுத்த ஆண்டு கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர், கொண்டைக்கடலை நீரையும் சர்க்கரையையும் மட்டுமே கொண்டு மெரிங்கு என்ற நுரை இனிப்பைச் செய்துகாட்டி, அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வைத்தார். இலத்தீனில் ‘பயற்றுத் தண்ணீர்’ என்று பொருள்.

வெந்நீரில் கரைந்து வந்த கடலைப் புரதம், மாவுச்சத்து, சோப்புபோல் நுரைக்கும் சபோனின் ஆகியவைதான் இந்த நீரின் பலம். செய்முறை எளிது. வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போடாமல் குக்கரில் வேகவையுங்கள். வெந்த தண்ணீரோடு அப்படியே ஆறவிட்டு வடிகட்டுங்கள். நீர்த்திருந்தால், முட்டை வெள்ளைபோல் இலேசாகக் கொழகொழக்கும்வரை அடுப்பில் சுண்டவையுங்கள். குளிரவைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பீட்டரால் அடித்தால் பத்து நிமிடத்துக்குள் வெள்ளை வெளேரென்று நுரை எழும். சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி நீர் ஒரு முட்டையின் வெள்ளைக்கு ஈடு. பாத்திரத்தில் துளி எண்ணெய் ஒட்டியிருந்தாலும் நுரை சரியும். முட்டைக்கும் இதே விதிதான்.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ மெரிங்கு செய்தால், ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. 100 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் இரண்டு மணி நேரம் உலரவைத்து, ஆறிய கையோடு காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும்.

பிடிப்பு: ஆமை முட்டை சொல்லும் பாடம்

முட்டையைச் சூடாக்கினால் கெட்டியாகும் என்பதை இயற்கை விதிபோல எடுத்துக்கொள்கிறோம். அது எல்லா முட்டைக்கும் பொருந்தாது. தை, மாசி மாதங்களில் நம் கடற்கரை மணலில் சிற்றாமைகள் என்னும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி, ஒரு குழியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடுகின்றன. கடலாமை முட்டையின் வெள்ளைக்கரு கொதிநீரிலும் கோழி முட்டைபோலக் கட்டியாவதில்லை, வழவழவென்றே இருக்கும். அந்த முட்டைகளை உண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. முட்டைகளைப் பாதுகாப்பாக எடுத்துப் பொரிப்பகங்களில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அறிவியல் நமக்குச் சொல்வது இதுதான்: கெட்டியாவது ‘முட்டை’ என்ற பெயரால் அல்ல, அதில் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தால்.

கோழி முட்டையின் வெள்ளையில் பாதிக்கும் மேலான புரதம் ஓவால்புமின். அது 80 டிகிரி அளவில் இறுகுகிறது. ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற மற்றொன்று 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கிவிடும். கலக்கி குழைவாகவும், அவித்த முட்டை உறுதியாகவும் இருப்பது இந்த வேறுபாட்டால்தான்.

சூட்டில் இறுகும் வேலையை மாவுச்சத்தும் செய்யும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. கஸ்டர்டோ அவருக்குப் பிடிக்கும். 1837இல் பேர்டு சோள மாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரை உருவாக்கினார். ஈஸ்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாததால், 1843இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். இன்று நம் கல்யாணப் பந்தியில் பழக்கலவையோடு வரும் மஞ்சள் கஸ்டர்டும், முட்டையில்லாத கேக்கை உப்பவைக்கும் பொடியும், ஒரு கணவர் தன் மனைவியின் தட்டைப் பற்றி அக்கறைப்பட்டதால் கிடைத்தவை.

நம் சமையலில் இந்த வகைப் பிடிப்புக்குப் பஞ்சமில்லை. கோலா உருண்டையில் கறியைச் சேர்த்துப் பிடிப்பது பொட்டுக்கடலை மாவு. வாழைப்பூ வடையைப் பிடிப்பது கடலைப்பருப்பு. மாமல்லபுரம், கோவளம் பக்கம் மீன் வறுக்கும்போது மசாலா உதிராமல் இருக்க முட்டை ஊற்றுபவர்கள் உண்டு. முட்டை வேண்டாம் என்றால் அரிசி மாவும் சோள மாவும் எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டால் போதும். எண்ணெயின் சூட்டில் மாவுச்சத்து மீனின் ஈரத்தை உறிஞ்சிப் பசைபோல் இறுகி ஒட்டிக்கொள்ளும். கட்லெட்டை முட்டையில் தோய்ப்பதற்குப் பதில் நீர்த்த மைதாக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டினாலும் இதே விளைவுதான்.

பிஸ்கட், மஃபின் போன்றவற்றுக்கு ஆளிவிதை கைகொடுக்கும். ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் கொழகொழவென்று ஆகும். அது ஒரு முட்டைக்கு ஈடு. இது பிடிக்கும், ஈரம் தரும், ஆனால் நுரைக்காது. ஆகவே ஸ்பாஞ்ச் கேக்கில் இதை நம்பக் கூடாது.

கலப்பு: மயோனைஸ் தந்த பாடம்

2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபர் இறுதியில் இதேபோலத் தடை விதித்திருந்தது. கல்லூரிகள் நிறைந்த பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கத்து ஷவர்மா கடைகள் முதல் கிழக்குக் கடற்கரைச் சாலை உணவகங்கள் வரை அந்த உத்தரவு எட்டியது.

தடைக்குக் காரணம் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள். நன்றாக வேகும் முட்டையில் அவை செத்துவிடும். மயோனைஸ் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. பச்சை மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அடித்துச் சேர்க்கிறார்கள். அதைச் சித்திரை வெயிலில் கடை வாசலில் மணிக்கணக்காகத் திறந்து வைத்தால், கிருமி பெருக அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

இங்கே முட்டை பார்ப்பது கலப்பு வேலை மட்டும். அதைப் பாலே செய்யும். பாலில் உள்ள கேசின் புரதத்தின் ஒரு பகுதி தண்ணீரை விரும்பும், மறு பகுதி எண்ணெயை விரும்பும். காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பால் 100 மில்லி, மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி, உப்பு, கொஞ்சம் கடுகுத் தூள் ஆகியவற்றை உயரமான பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கை பிளெண்டரை அடியில் ஊன்றி, அரை நிமிடம் அசைக்காமல் அடியுங்கள். பிறகு மெல்ல மேலே தூக்குங்கள். கடைசியில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்ததும், கண் எதிரே கெட்டியாகும். புளிப்புப் பட்டதும் கேசின் இழைகள் நெருங்கி இறுகுவதுதான் காரணம். மிக்சியில் செய்வதானால், பாலை ஓடவிட்டு எண்ணெயை நூல்போல் ஊற்ற வேண்டும். முட்டை இல்லை என்பதற்காக இதையும் வெளியில் வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் முடித்துவிட வேண்டும்.

ஈரமும் உப்பலும்: வீட்டுக் கேக்

பிறந்தநாள் கேக்குக்கு வருவோம். ஒன்றிரண்டு முட்டை போடும் சாதாரண வெண்ணெய்க் கேக்கில் நுரையின் பங்கு குறைவு. ஈரமும் பிடிப்பும் போதும். மைதாவே பாதிப் பிடிப்பைத் தந்துவிடும். இதற்குத் தயிரும் சமையல் சோடாவும் நல்ல இணை.

ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்து, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் தயிர் புஸ்ஸென்று பொங்கும். தயிரின் லாக்டிக் அமிலமும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அதில் அரை கப் எண்ணெய், வெண்ணிலா, கடைசியாகச் சலித்த மைதா ஒன்றரை கப் சேர்த்து, கட்டி மறையும்வரை மட்டும் கலந்து, உடனே 180 டிகிரி சூட்டில் வைத்துவிட வேண்டும். ‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். முட்டை நுரையில் காற்று புரத வலைக்குள் சிறைப்பட்டிருக்கும். இங்கே அப்படிப்பட்ட வலை இல்லை. மாவைக் காக்கவைத்தால் வாயு வெளியேறிவிடும். அதிக நேரம் கலக்கினால் மைதாவின் குளூட்டன் என்ற புரதம் முறுகி, கேக் ரப்பராகும்.

உப்பவில்லையே என்று சோடாவைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. தயிரின் புளிப்பு ஓர் அளவு சோடாவைத்தான் சரிக்கட்டும். மிஞ்சிய சோடா காரமாகவே தங்கி, சவர்க்கார வாடையும் கருத்த நிறமும் தரும். வாழைப்பழத்திலும் அளவு முக்கியம். ஒரு முட்டைக்குக் கால் கப் மசித்த பழம் என்பதைத் தாண்டினால், நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டினர் கேட்கும் பான்கேக்குக்குப் பழம் நன்றாகப் பொருந்தும். அது கல்லில் மெல்லிதாக வேகும் பண்டம். உயரமான கேக்குக்கு அதே அளவுப் பழம் பாரம்.

மாற்ற முடியாத இடம்

எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று சொன்னால் அது பொய். குறிப்பில் மூன்று முட்டைக்கு மேல் இருந்து, பேக்கிங் பவுடரும் இல்லை என்றால், அந்தக் கேக் முழுக்க முட்டை நுரையின் மேல் நிற்கிறது. அதை வளைக்கப் பார்க்காமல், முதலிலிருந்தே முட்டையின்றி எழுதப்பட்ட வேறு குறிப்பைத் தேடுவது நல்லது.

முட்டைக்கு ஊட்டம் தரும் வேலையும் உண்டு. அது சமையலறையைத் தாண்டியது. எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டையானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். பிள்ளையின் வீட்டு வழக்கத்தை மதிக்கும் ஏற்பாடு அது. ஆனால் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவுதான். கேக்கில் முட்டையின் இடத்தில் உட்காரும் வாழைப்பழம், பிள்ளையின் தட்டில் முட்டையின் இடத்தை நிரப்பாது. முட்டை சாப்பிடாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் புரதத்தைச் சுண்டலாகவோ பயறாகவோ பாலாகவோ தனியாகக் கொடுத்துவிடுங்கள். கேக் முட்டையில்லாமல் நன்றாக வந்துவிட்டது என்ற நிறைவில் இதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் சமையல் குறிப்பு நோட்டில் ‘முட்டை – 2’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கெல்லாம் ஒருமுறை போங்கள். பக்கத்தில் நுரை, பிடிப்பு, கலப்பு, ஈரம் ஆகிய நான்கில் எது என்று ஒரே சொல்லில் குறித்து வையுங்கள். நுரை என்றால் சுண்டல் தண்ணீர் அல்லது உளுந்து. பிடிப்பு என்றால் மாவு அல்லது ஆளிவிதை. கலப்பு என்றால் பால். ஈரம் என்றால் தயிர் அல்லது பழம். அடுத்த முறை வீட்டில் முட்டை தீர்ந்துபோனாலும், வாசலில் வந்து “முட்டை இல்லாம வேணும் அக்கா” என்று யாராவது கேட்டாலும், பதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.